வாலாட்டிக் குருவிகள்: வயலிலும் ஏரிக்கரையிலும் பறவை பார்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகப் பறவை பார்க்க வருவோரை முதலில் குழப்பும் கூட்டங்களில் வாலாட்டியும் ஒன்று. வரப்புக்கு வரப்பு கண்ணில் படும், ஆனால் பெயர் சொல்வதற்குள் பறந்துவிடும். தமிழ்நாட்டு வயல்வெளிகளிலும் ஏரிகளிலும் மலையோடைகளிலும் பறவை பார்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, கேட்ட மாதிரியே எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

1. வாலை ஆட்டிக்கிட்டே இருக்கிற குருவி எல்லாமே வாலாட்டிதானா?

இல்லை. வாலை மட்டும் பார்க்காமல் காலையும் பாருங்கள். வாலாட்டி ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கும், வேகமாக ஓடும். நின்ற இடத்தில் வால் மேலும் கீழும் ஆடும். உடல் ஒல்லி, வால் ஏறக்குறைய உடம்பின் நீளத்துக்கு இருக்கும். பறக்கும்போது அலை போல ஏறி இறங்கிப் போகும், போகிற போக்கில் குரல் கொடுக்கும்.

வாலாட்டி என்று நினைத்து ஏமாறுவது பெரும்பாலும் மூன்று பறவைகளிடம். தண்ணீர் ஓரத்தில் நிற்கும் சாதாரண உள்ளான் வாலை மட்டுமல்ல, பின்னுடம்பு முழுவதையும் ஆட்டும். அதற்கு வால் குட்டை, அலகு நீளம். கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு கம்பியிலோ செடி நுனியிலோ உட்கார்ந்து வாலைச் சுண்டும், தரையில் இறங்கினால் தத்தும். மூன்றாவது நெட்டைக்காலி. அது நடக்கவும் செய்யும், வாலை லேசாக ஆட்டவும் செய்யும் என்பதால் அதைப் பற்றித் தனியாக 9-ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

2. நம்ம ஊர்ல எத்தனை வகை வாலாட்டி இருக்கு? எல்லாமே வெளிநாட்டுப் பறவையா?

தமிழ்நாட்டில் எதிர்பார்க்கக்கூடியவை ஆறு: வெண்புருவ வாலாட்டி, வெள்ளை வாலாட்டி, சாம்பல் வாலாட்டி, மஞ்சள் வாலாட்டி, மஞ்சள்தலை வாலாட்டி (எலுமிச்சை வாலாட்டி என்றும் சொல்வார்கள்), கொடிக்கால் வாலாட்டி. இவற்றில் ஆண்டு முழுவதும் இங்கேயே இருந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது வெண்புருவ வாலாட்டி மட்டும்தான். சுமார் 21 சென்டிமீட்டர் நீளம் கொண்ட இதுதான் வாலாட்டிகளிலேயே பெரியது. மற்ற ஐந்தும் குளிர்காலத்துக்கு வந்து போகிறவை.

அதற்காக எல்லாமே கடல் கடந்து வருவதாக எண்ண வேண்டாம். சாம்பல் வாலாட்டி இமயமலை ஓடைகளிலும் கூடு கட்டுகிறது. மஞ்சள் வாலாட்டி மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வருகிறது. கொடிக்கால் வாலாட்டி சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்கு ஓரம் ஆகிய பகுதிகளிலிருந்து வருகிறது.

3. எந்த மாசத்துல போனா பார்க்கலாம்?

வலசை வருபவற்றில் முந்திக்கொண்டு வருவது சாம்பல் வாலாட்டி. ஆகஸ்ட் கடைசியிலேயே மலையோரம் தலைகாட்டத் தொடங்கும். மஞ்சள் வாலாட்டி செப்டம்பர், அக்டோபரில் வந்து சேரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எண்ணிக்கை நிறைய இருக்கும், ஏப்ரல் முடிவதற்குள் அநேகமாக எல்லாம் கிளம்பிவிடும்.

தேதியே பாதி அடையாளம். ஜூன், ஜூலையில் சமவெளியில் ஒரு வாலாட்டியைப் பார்த்தால் அது வெண்புருவ வாலாட்டிதான் என்று வைத்துக்கொண்டு, பிறகு மற்ற அடையாளங்களைச் சரிபாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலரும் டிசம்பர், ஜனவரியோடு பறவை பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வாலாட்டிகளைப் படிக்க நல்ல காலம் மார்ச் பிற்பகுதியும் ஏப்ரல் முதல் பாதியும்தான். கிளம்புவதற்கு முன் ஆண்பறவைகள் முழு நிறத்துக்கு மாறியிருக்கும்.

4. வயலுக்குப் போனா எங்கே நின்னு தேடணும்? சில நாள் நூறு இருக்கு, சில நாள் ஒண்ணுகூட இல்லை.

வாலாட்டி நடந்து இரை தேடும் பறவை. அதற்குத் தேவை ஈரமான, திறந்த தரை. வயல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சேற்றுழவு நடக்கும்போதும் பரம்படித்த மறுநாளும் மிக நன்றாக இருக்கும். நடவு முடிந்து முதல் சில வாரங்கள், அதாவது நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும் வரை பறவைகள் வயலுக்குள்ளேயே நடக்கும். பயிர் தூர்கட்டி அடைத்துக்கொண்டதும் உள்ளே நடக்க வழியில்லை. அப்போது வரப்பு, வாய்க்கால் ஓரம், நாற்றங்கால் பிடுங்கிய இடம், மாடு மேயும் தரிசு என்று நகர்ந்துவிடும். போன வாரம் நூறு பறவை இருந்த வயல் இந்த வாரம் காலியாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். அடுத்த மடைக்குப் போய்ப் பாருங்கள்.

மாடுகள் மேயும் ஈரப்புல்வெளியைப் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள். மாட்டின் கால் பட்டு எழும் பூச்சிகளுக்காக மஞ்சள் வாலாட்டிகள் குளம்புக்கு ஒரு முழம் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும். உண்ணிக்கொக்கு நிற்கும் இடமெல்லாம் அதன் காலடியையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இடம் என்று கேட்டால், கரைவெட்டி, வடுவூர் ஏரிகளும் அவற்றைச் சுற்றிய வயல்களும், வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள பாசன நிலங்களும், கூந்தன்குளத்து வயல்களும், கோவையின் உக்கடம், சிங்காநல்லூர்க் குளக்கரைகளும் நல்லவை. சாம்பல் வாலாட்டிக்கு வால்பாறை, குன்னூர், கொடைக்கானல் பக்கத்து ஓடைகள். ஆனால் உங்கள் ஊர் ஏரியின் கடைமடை எதற்கும் குறைந்ததல்ல.

5. கிட்டப் போனாலே பறந்துடுது. எப்படி நெருங்குறது?

நேராக அதை நோக்கி நடப்பதுதான் தவறு. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி வாருங்கள். பறவையைக் கடந்து போகிறவர் மாதிரிச் சாய்வாக ஐந்தாறு எட்டு வைத்து நில்லுங்கள். அது திரும்ப இரை பொறுக்க ஆரம்பித்ததும் அடுத்த ஐந்தாறு எட்டு. 20 மீட்டர் தூரம் போதும். அதற்கு மேல் நெருங்காமல் வரப்பில் குந்தி உட்கார்ந்துவிடுங்கள். உருவம் தாழ்ந்தால் பயம் குறையும், பல நேரம் பறவையே நடந்து கிட்டே வரும்.

இரை பொறுக்குவதை நிறுத்திக் கழுத்தை நீட்டி நின்றால் அடுத்த அடியில் பறக்கப்போகிறது என்று அர்த்தம். பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். அதே வரப்பில் கொஞ்சம் தள்ளி இறங்கும், அல்லது சுற்றிவந்து பழைய இடத்துக்கே திரும்பும். காலை 6:30 முதல் 9 மணி வரை நல்ல நேரம். 10 மணிக்கு மேல் ஈர வயலிலிருந்து எழும் வெப்ப அலையில் தூரத்துப் பறவையின் முகம் நெளிந்து தெரியும். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அப்போது புருவக் கோடு தெரியாது.

வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாக அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள். கரை சரிந்து தண்ணீர் வடிந்தால் நட்டம் அவருக்கு. வரப்பில் பாம்பு இருக்கும் என்பதால் செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். அன்று மருந்து அடித்த வயலைத் தவிர்த்துவிடுங்கள்.

6. பைனாகுலர் எது வாங்கலாம்? இருக்கிறதுல ரெண்டா தெரியுது, மங்கலா இருக்கு.

8×42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். ஓடிக்கொண்டே இருக்கும் வாலாட்டிக்கு அது தொந்தரவு.

மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் கருவி காரணமல்ல, அமைக்காமல் விட்டதுதான். முதலில் இரண்டு குழாய்களையும் மடித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லை அருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால், பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

7. மஞ்சளா இருந்தா மஞ்சள் வாலாட்டிதானே?

இந்த ஒரு கேள்வியில்தான் தவறான பதிவுகளில் பாதி விளைகின்றன. மூன்று வாலாட்டிகளுக்கு மஞ்சள் உண்டு. அதனால் மஞ்சளைக் கடைசியில் பாருங்கள். முதலில் இடம், அடுத்து வால், பிறகு கால், முதுகு, முகம்.

சாம்பல் வாலாட்டி கல்லும் ஓடும் நீரும் உள்ள இடத்துக்காரன். பெரும்பாலும் தனியாக இருக்கும். மூன்றிலும் வால் மிக நீளம் இதற்குத்தான், ஆட்டமும் அதிகம், சில நேரம் பின்னுடம்பே சேர்ந்து ஆடும். முதுகு சுத்தமான சாம்பல். குளிர்காலத்தில் மஞ்சள் வாலடியில் அழுத்தமாகவும் மார்பில் வெளிறியும் இருக்கும். பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பளிச்சிடும். முடிவாகச் சொல்வது கால்: இதற்கு வெளிறிய இளஞ்சிவப்புப் பழுப்பு, மற்ற இரண்டுக்கும் கருப்பு.

மஞ்சள் வாலாட்டி ஈரப்புல்வெளியிலும் வயலிலும் கூட்டமாக இருக்கும், வால் மூன்றில் குட்டை. முதுகு பச்சை கலந்த பழுப்பு. மஞ்சள்தலை வாலாட்டிக்குத் தண்ணீர் இன்னும் அதிகம் வேண்டும். ஆகாயத்தாமரை, தாமரை இலை மேலும் சேற்று விளிம்பிலும் நடக்கும். முதுகு சாம்பல், இறக்கையில் இரண்டு பட்டையான வெள்ளைக் கோடுகள். நிறம் ஏறிய ஆணின் தலை முழுதும் மஞ்சள் என்பதால் அதில் சந்தேகமே வராது.

8. தலையும் மஞ்சளா இல்லை, உடம்பும் வெளுப்பா இருக்கு. மஞ்சள் வாலாட்டிக் குஞ்சா, மஞ்சள்தலையா?

அந்த ஆண்டு பிறந்து முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகள் இவை. உடம்பில் மஞ்சளே இல்லாமலும் இருக்கலாம், அப்போது முகம்தான் கைகொடுக்கும். மஞ்சள்தலை வாலாட்டியில் கண்ணுக்கு மேலுள்ள வெளிர்புருவம் அங்கேயே நிற்காது. கன்னத்தின் பின்புறமாக இறங்கி, அடியில் வளைந்து, கன்னத்தைச் சுற்றி ஒரு வெளிர்வளையம் போடும். மஞ்சள் வாலாட்டியில் புருவம் கன்னத்துக்குப் பின்னால் தேய்ந்து முடிந்துவிடும்.

அடுத்து, கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதி மஞ்சள்தலையில் வெளிறியும் மஞ்சள் வாலாட்டியில் கருத்தும் இருக்கும். கீழலகின் அடிப்பகுதி வெளிறியிருந்தால் அது மஞ்சள் வாலாட்டியின் பக்கம், அலகு முழுதும் கருப்பென்றால் மஞ்சள்தலையின் பக்கம். வாலடி மஞ்சளாக இருந்தால் மஞ்சள் வாலாட்டி. இந்த அடையாளங்களில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் "மஞ்சள் அல்லது மஞ்சள்தலை" என்று எழுதுவதுதான் சரியான பதிவு.

9. வரப்புல பழுப்பா, கோடு கோடா ஒண்ணு ஓடுது. நெட்டைக்காலியா வானம்பாடியா?

நெட்டைக்காலி வாலாட்டியின் சொந்தக்காரன், அதே குடும்பம். வயல் நெட்டைக்காலி ஆண்டு முழுவதும் இங்கே இருக்கும். ஒல்லி உடம்பு, நீண்ட கால், மெல்லிய அலகு, நிமிர்ந்த நிலை. பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளை. வானம்பாடிகள் தடித்த அலகும் குட்டை வாலும் குண்டு உடம்புமாக, தரையோடு பதுங்கி நடக்கும்.

குளிர்காலத்தில் வேறு நெட்டைக்காலிகளும் வரும். அவற்றைப் பிரிக்கக் குரலும் நல்ல படமும் வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர்கள் வயல் நெட்டைக்காலியை ஐம்பது முறையாவது நிதானமாகப் பார்த்துப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போவது நல்லது.

10. கருப்பு வெள்ளையில இருக்கிறது வெண்புருவமா, வெள்ளை வாலாட்டியா, வண்ணாத்திக் குருவியா?

வண்ணாத்திக் குருவியை, அதாவது குண்டுக்கரிச்சானை, முதலில் கழித்துவிடலாம். அது தத்தும், வாலை முதுகுப் பக்கம் தூக்கி நிறுத்தும், வெள்ளைப் புருவம் கிடையாது.

மற்ற இரண்டுக்கும் நெற்றியைப் பாருங்கள். வெண்புருவ வாலாட்டியின் நெற்றி அலகு வரை கருப்பு, வெள்ளை ஒரு புருவக் கோடு மட்டுமே. வெள்ளை வாலாட்டிக்கு நெற்றியே வெள்ளை. தொண்டை கருத்த வெள்ளை வாலாட்டிகளும் உண்டு. அவற்றைப் பார்த்து "தொண்டை கருப்பு, அப்படியானால் வெண்புருவம்" என்று முடிவு கட்டுவது வழக்கமான பிழை. நெற்றியில் வெள்ளை இருந்தால் வெள்ளை வாலாட்டிதான். தெற்கே வர வர அதன் எண்ணிக்கை குறைவு என்பதால் பார்த்தால் படம் எடுத்து வையுங்கள்.

கோடையில் மங்கலான சாம்பல் உடம்பும் வெள்ளைப் புருவமும் கொண்டு தெரிவது வெண்புருவ வாலாட்டியின் இளம்பறவை. புது இனம் அல்ல.

11. காப்பித் தோட்டத்துல ஒரு குருவி வாலை மேல கீழ ஆட்டாம இடுப்பை ஆட்டுது. உடம்பு சரியில்லையா?

நலமாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் மேலும் கீழும் ஆட்ட, இது பின்னுடம்போடு சேர்த்து இடமும் வலமும் அசைக்கும். மேலே ஆலிவ் பழுப்பு, இறக்கையில் கருப்பும் வெள்ளையுமான பட்டைகள், மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள். கீழ்ப்பட்டை நடுவில் அறுந்திருக்கும்.

நிழல் உள்ள தரைதான் இதற்கு வேண்டும்: காப்பி, ஏலத் தோட்டங்களின் நடைபாதை, மூங்கில் புதர் ஓரம், சருகு கிடக்கும் காட்டு வழி. வால்பாறை, ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் பார்க்கலாம். வலசையின்போது சென்னை கிண்டி போன்ற மரம் அடர்ந்த இடங்களிலும் இறங்கும். கலைத்தால் மரக்கிளைக்கு ஏறி, கிளை மேலேயே நடக்கும்.

12. சரி, ஏன்தான் வாலை ஆட்டுது?

அறிவியலில் இதற்கு முடிந்த முடிவு இல்லை. பூச்சியைக் கிளப்புவதற்கு என்பது பரவலான விளக்கம், ஆனால் இரை தேடாமல் ஓய்வாக நிற்கும்போதும் ஆட்டுகிறதே என்ற கேள்வி அதற்கு எதிரே நிற்கிறது. "நான் விழிப்பாக இருக்கிறேன், துரத்தி வீணாகாதே" என்று வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளுக்குக் காட்டும் சைகை என்பது ஆய்வுகளில் கூடுதல் ஆதரவு பெற்ற விளக்கம்.

13. வண்டிக் கண்ணாடியைத் தினமும் வந்து கொத்துது. என்ன செய்யலாம்?

வெண்புருவ வாலாட்டி இணை சேரும் காலத்தில் தன் எல்லைக்குள் வேறொரு வாலாட்டியைப் பொறுக்காது. கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை எதிராளி என்று எண்ணிக் கொத்துகிறது. விரட்டினால் பத்து நிமிடத்தில் திரும்ப வரும். பக்கக் கண்ணாடியை மடக்குங்கள், அல்லது துணிப்பை ஒன்றை மாட்டிவிடுங்கள். ஜன்னல் என்றால் வெளிப்புறமாகச் செய்தித்தாள் ஒட்ட வேண்டும், உட்புறத் திரை பிம்பத்தைத் தடுக்காது. சில வாரம் அப்படியே விட்டால் அந்தச் சண்டை தானாக நிற்கும்.

14. மோட்டார் கொட்டகையில கூடு கட்டியிருக்கு. எடுத்து வேற இடத்துல வைக்கலாமா?

வைக்கக் கூடாது. இடம் மாற்றினால் தாய் தேடி வராமல் போகும், முட்டை கெடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதைத் தடுக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் சுவர்ப்பொந்து, பாலத்தின் அடிப்பகுதி, கொட்டகைக் கூரை எல்லாம் வெண்புருவ வாலாட்டி வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள்தான். 3 முதல் 5 முட்டை இடும். சுமார் இரண்டு வாரம் அடை, பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். ஆக ஒரு மாதம் பொறுத்தால் போதும்.

மோட்டாரைப் போட, நிறுத்த நீங்கள் வழக்கம்போலப் போய் வரலாம், அதற்குப் பழகிவிடும். கூட்டுக்கு முன்னால் நின்று படம் எடுப்பதுதான் ஆபத்து. இரை கொண்டுவந்த தாய் உள்ளே போக முடியாமல் அலகில் பூச்சியோடு வெளியே காத்து நிற்பதைப் பார்த்தால் உடனே விலகிவிடுங்கள். காகம் அந்தத் தடுமாற்றத்தைக் கவனித்துக் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

15. நெல்லைத் தின்னுமா? விரட்டணுமா?

தின்னாது. ஈ, கொசு, சிறு வண்டு, சிலந்தி, புழு இவைதான் உணவு. மெல்லிய அலகால் நெல்லை உடைக்க முடியாது. கதிரில் உட்கார்ந்து தின்னும் தினைக்குருவிகளையும் தரையில் ஓடும் வாலாட்டியையும் ஒன்றாக எண்ணி விரட்டுவது வருத்தமான விஷயம். வயலில் பூச்சிக்கொல்லி அடித்தால் இவற்றின் உணவு அழியும், மருந்து பட்ட பூச்சியைத் தின்று பறவைக்கும் விஷம் ஏறும்.

16. சாயங்காலம் கரும்புத் தோட்டத்துக்குள்ள கூட்டம் கூட்டமா இறங்குதே?

பகலில் வயல்வெளியெங்கும் பரந்து இரை தேடும் மஞ்சள் வாலாட்டிகள் இரவில் ஒன்றாக அடையும். கரும்பு, நாணல், சம்பு அடர்ந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கும். எண்ண வேண்டுமானால் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே, மேற்கு வானம் உங்களுக்கு எதிரே இருக்கும்படி நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்தவற்றை எண்ண முடியாது, வரும்போதே பத்துப் பத்தாக எண்ணி 5 நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள்.

17. ஏப்ரல்ல ஒரே கூட்டத்துல தலை கருப்பு, தலை சாம்பல், வெள்ளைப் புருவம்னு விதவிதமா இருக்கு. எல்லாம் வேற வேற இனமா?

எல்லாம் மஞ்சள் வாலாட்டியின் உள்வகைகள். ஆண்பறவையின் தலையை வைத்துப் பிரிப்பார்கள். தலை அடர்சாம்பல், புருவம் இல்லை அல்லது மிகத் தேய்ந்தது என்றால் தன்பர்கி. வெளிர்நீலச் சாம்பல் தலையும் தெளிந்த வெள்ளைப் புருவமும் இருந்தால் பீமா. உச்சியும் கன்னமும் கருகரு என்று இருந்தால் ஃபெல்டெக். லூட்டியா என்ற உள்வகைக்குத் தலையும் மஞ்சள், அதை மஞ்சள்தலை வாலாட்டி என்று எழுதிவிடுவார்கள். முதுகைப் பாருங்கள்: பச்சையாக இருந்தால் லூட்டியா, சாம்பலோ கருப்போ என்றால் மஞ்சள்தலை.

பெண்ணையும் இளம்பறவையையும் உள்வகை வரை பிரிக்க முயல வேண்டாம். உள்வகைகள் ஒன்றோடொன்று கலந்து இணை சேர்வதால் ஆணிலும் இடைப்பட்ட தலைகள் வரும்.

18. ஆப் சொன்ன பெயரை அப்படியே ஈபேர்டுல போடலாமா?

கூடாது. படத்தையோ குரலையோ வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் ஒரு யோசனை தருகின்றன, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு தளத்தில் எதை எழுதுவது என்ற முடிவு உங்களுடையது. வாலாட்டிகளின் பறக்கும் குரல்கள் குட்டையானவை, ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. குரலை மட்டும் கேட்டு வரும் பெயரைப் பறவையைக் கண்ணால் பார்த்து, 7, 8, 10-ஆம் பதில்களில் உள்ள அடையாளங்களோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

படம் எடுப்பவர்கள் அழகான ஒரு படத்தைவிட உதவும் நான்கு படங்களை எடுங்கள்: பக்கவாட்டில் முகம், முதுகு, வாலடி, கால். வெயிலில் வெள்ளை வெளுத்துப்போனால் இறக்கைக் கோடும் புருவமும் காணாமல் போகும், ஒளியளவை ஒரு படி குறைத்து வையுங்கள். பெயர் தெரியாத வாலாட்டியை "வாலாட்டி இனம்" என்றே பதியலாம், அதற்கு ஈபேர்டில் இடம் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். வாலாட்டியை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது.